ரிப்போர்ட் நார்மல், நாய்க்கு மட்டும் வயிறு சரியில்லை: ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

மூன்று மாதமாக லூஸ் மோஷன். விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு இளைப்பு. ஆனால் சாப்பாட்டில் குறை இல்லை, தட்டைக் கழுவி வைத்ததுபோல் நக்கித் தீர்த்துவிட்டு அடுத்த தட்டுக்கு வந்து நிற்கிறது. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சிபிசி (ரத்த அணுக்களின் கணக்கு), கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. நான்கு பக்க ரிப்போர்ட்டில் ஒரு இடத்தில்கூடத் தடித்த எழுத்து இல்லை. அப்படியென்றால் நோயே இல்லையா?

இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு. வாந்தி எடுத்த நாய்க்கு லைபேஸ் (கொழுப்பை உடைக்கும் நொதி) ஏறியிருக்கிறது என்றதும் கணைய அழற்சி என்று முடிவுகட்டி நாலு நாள் டிரிப்ஸ் ஏறும், ஐந்தாம் நாள் ஸ்கேன் எடுத்தால் குடலில் மாங்கொட்டை சிக்கியிருக்கும்.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். ஒரு சொட்டு ரத்தத்தில் உடம்பு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, குடலுக்குச் சரிவராது.

ரத்தத்துக்குக் குடல் எப்படித் தெரிகிறது

குடல் என்பது உடம்புக்குள் ஓடும் நீண்ட குழாய். அதற்குள் இருப்பது, கண்டிப்பாகப் பார்த்தால், இன்னும் உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது. குடல் சுவரைத் தாண்டி உள்ளே வந்தால்தான் ரத்தத்தில் சேரும். ஆகவே குடலின் உட்சுவர் வீங்கியிருக்கிறதா, புழு இருக்கிறதா என்பதை ரத்தம் நேராகப் பார்ப்பதில்லை. அதன் விளைவுகளைத்தான் பார்க்கிறது. அந்த விளைவுகள் நான்கு வழியாக ரத்தத்தில் பதிகின்றன:

1. உள்ளே வர வேண்டியது வரவில்லை. உணவிலிருந்து உறிஞ்சப்பட வேண்டிய வைட்டமின்கள் ரத்தத்தில் குறைவது இந்த வகை. பி12, ஃபோலேட் பரிசோதனைகள் இதைப் பார்க்கின்றன.

2. ரத்தத்தில் கசிவது கூடியோ குறைந்தோ போகிறது. கணையம் தன் நொதிகளைக் குடலுக்குள் கொட்ட வேண்டும், துளியூண்டு மட்டும் ரத்தத்தில் கசியும். அந்தத் துளியை அளப்பவை டிஎல்ஐ, பிஎல்ஐ என்ற இரண்டு பரிசோதனைகள்.

3. உள்ளே இருந்தது குடல் வழியாக வெளியே போகிறது. புண்பட்ட குடல் ரத்தத்தின் புரதத்தை ஓட்டைக் குடம்போல ஒழுகவிடும். ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு ரத்தப் புரதங்களும் இதற்குச் சாட்சி.

4. குற்றவாளி குடலே இல்லை. அட்ரீனல் சுரப்பி, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் என்று வேறெங்கோ கோளாறு, வாந்தி பேதி மட்டும் வயிற்றில். வழக்கமான ரத்தப் பரிசோதனை அதிகம் உதவுவது இங்கேதான்.

தொடக்கத்தில் சொன்ன நாயின் ரிப்போர்ட் ஏன் நார்மல் என்பது இப்போது புரியும். சிபிசியும் கல்லீரல், சிறுநீரக அளவுகளும் நான்காவது வழியை நன்றாகவும் மூன்றாவதை ஓரளவும் பார்த்தன. முதல் இரண்டை அவை தொடவே இல்லை.

வழக்கமான ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டிய சில இடங்கள்

யூரியா ஏறியிருந்தால் எல்லோரும் சிறுநீரகம் என்று பயப்படுகிறார்கள். சிறுநீரகத்தைக் காட்டும் இன்னொரு அளவான கிரியேட்டினின் சரியாக இருந்து யூரியா மட்டும் ஏறியிருந்தால், இரைப்பையிலோ சிறுகுடலின் மேற்பகுதியிலோ ரத்தம் கசிகிறதா என்றும் கேட்க வேண்டும். ரத்தமும் புரதம்தானே, குடலுக்குள் கசிந்த ரத்தத்தை நாய் கறிபோலச் செரித்துவிடுகிறது, அந்தச் செரிமானத்தின் கழிவாக யூரியா ஏறுகிறது. மலம் தார்போலக் கறுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இந்தக் கசிவு மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரும்புச்சத்து தீர்ந்து, சிபிசியில் சிவப்பணுக்களின் அளவு சிறுத்துத் தெரியும்.

ஏஎல்பி என்ற கல்லீரல் நொதி நாய்க்கு ஒரு மாதிரி, பூனைக்கு வேறு மாதிரி. நாயின் ரத்தத்தில் அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 70 மணி நேரம், பூனையிடம் சுமார் 6 மணி நேரம்தான். அதனால் நாய்க்கு ஏஎல்பி கொஞ்சம் கூடியிருந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம் (ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலே கூடும்), பூனைக்குக் கொஞ்சம் கூடியிருந்தாலும் அலட்சியம் செய்யக்கூடாது. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு அடைந்துவிடும், அதை முதலில் காட்டிக்கொடுப்பவற்றில் இதுவும் ஒன்று.

குட்டி நாய் ரத்த பேதியோடு வந்து வெள்ளையணுக்கள் சரிந்திருந்தால் பார்வோ வைரஸ் என்ற சந்தேகம் வரும். ஆனால் அதை உறுதிசெய்வது மலத்தில் செய்யும் சோதனைதான்.

சாப்பிட்டது உடம்பில் ஒட்டாத நாய்: டிஎல்ஐ

கணையம் ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும் உடைக்கும் நொதிகளைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. இந்த வேலை நின்றுபோனால் எவ்வளவு கறி போட்டாலும் அது செரிக்காமல் பின்னால் போய்விடும். நாய் பசியில் அலையும், தன் மலத்தையே தின்னப் பார்க்கும், மலம் வெளிறிப் பிசுபிசுப்பாகக் குவியல் குவியலாக இருக்கும், வாடை தாங்காது. இதுதான் கணைய நொதிக் குறைபாடு. ஜெர்மன் ஷெப்பர்டுகளில் (நம் ஊரில் இன்னும் பலருக்கு இது அல்சேஷன்தான்) இளம் வயதிலேயே வருகிறது, உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தின் நொதி செய்யும் செல்களை அழித்துவிடுவதால். நீண்ட முடி கோலிகளிலும் அப்படித்தான். மற்ற இனங்களிலும் பூனைகளிலும் பெரும்பாலும் நாட்பட்ட கணைய அழற்சி கணையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்ட பிறகு வருகிறது. கணையம் நிறைய உபரித் திறனோடு படைக்கப்பட்ட உறுப்பு, ஏறக்குறைய 90 சதவீதம் போன பிறகுதான் அறிகுறியே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் கிளினிக்குகளில் எக்ஸ்ரே ஃபிலிமை உபயோகித்தார்கள். மலத்தைக் கரைத்து, அதில் ஃபிலிம் துண்டு ஒன்றை முக்கிவைத்து, மேலே பூசியிருக்கும் ஜெலட்டின் கரைகிறதா என்று பார்ப்பது. கரைந்தால் நொதி இருக்கிறது என்று பொருள். கெட்டிக்கார யோசனைதான், ஆனால் மலத்தில் இருக்கும் பாக்டீரியாவும் ஜெலட்டினைக் கரைக்கும், ஆரோக்கியமான நாயின் மலத்தில்கூடச் சில நாள் நொதி இருக்காது. நம்ப முடியாத சோதனை.

டிஎல்ஐ இதை மாற்றியது. கணையம் டிரிப்சின் என்ற நொதியை டிரிப்சினோஜன் என்ற தூங்கும் வடிவத்தில் செய்கிறது. அதில் மிகச் சிறிய அளவு ரத்தத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கும். கணையத்தைத் தவிர வேறு எந்த உறுப்பும் அதைச் செய்வதில்லை. ஆகவே ரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தால் செய்கிற செல்கள் இல்லை என்று அர்த்தம், வேறு விளக்கமே கிடையாது. டேவிட் வில்லியம்ஸ், ரோஜர் பாட் இருவரும் 1980களில் நாய்களில் இதை நிறுவிக் காட்டினார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் இரைப்பை குடல் ஆய்வகம் இந்த வகைப் பரிசோதனைகளுக்கு இன்றும் பெயர்போனது.

பல ஆண்டுகள் புழங்கிய அளவுகோலின்படி நாய்க்கு லிட்டருக்கு 5.7 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இயல்பு, 2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோய் உறுதி. அளக்கும் முறை மாறும்போது இந்த எல்லையும் மாறும், அதனால் எந்த லேபோ அந்த லேபின் வரம்பைத்தான் பார்க்க வேண்டும். இடைப்பட்ட எண் வந்தால் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பது வழக்கம். கணையம் வீங்கியிருக்கும் நேரத்திலும் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோதும் டிஎல்ஐ செயற்கையாக ஏறும், உண்மையான குறைவை அது மறைத்துவிடலாம்.

இதில் ஒரு நல்ல விஷயம், நொதிப் பவுடர் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தாலும் டிஎல்ஐ கெடாது. பவுடரில் இருப்பது பன்றியின் நொதி, பரிசோதனை பிடிப்பது நாயின் நொதியை மட்டும். கெட்ட விஷயமும் இதே காரணத்தால்தான்: மனிதர்களுக்கான டிரிப்சின் சோதனையில் நாயின் ரத்தத்தை ஊற்றினால் பயனில்லை, நாய்க்கான சோதனையில் பூனையின் ரத்தமும் அப்படியே.

அதே கணையம், எதிர்த்திசை: பிஎல்ஐ

டிஎல்ஐ கீழே விழுந்தால் நோய். பிஎல்ஐ மேலே ஏறினால் நோய். இரண்டும் ஒரே கசிவைத்தான் பார்க்கின்றன, கேள்வி மட்டும் வேறு: முதலாவது, கணையம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறது, இரண்டாவது, இருக்கும் கணையம் இப்போது எரிகிறதா என்று கேட்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

சாதாரண ரிப்போர்ட்டில் அமைலேஸ், லைபேஸ் என்று இரண்டு வரி இருக்கும். இவை கணையத்திலிருந்து மட்டும் வருவதில்லை. லைபேஸ் இரைப்பையிலும் இருக்கிறது, சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும், டெக்சாமெதசோன் ஊசி போட்டாலும் ஏறும். எனவே அந்த வரியை மட்டும் வைத்துக் கணைய அழற்சி என்று சொல்வது, தெருவில் யாரோ ஓடினான் என்பதற்காக அவன்தான் திருடன் என்பதுபோல. பிஎல்ஐ கணையத்தில் உண்டாகும் லைபேஸை மட்டும் பிரித்துப் பிடிக்கிறது. நாய்க்குப் பரவலாகப் பயன்படும் சோதனையில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை இயல்பு, 400க்கு மேல் கணைய அழற்சியோடு ஒத்துப்போகிறது, நடுவில் இருப்பது சாம்பல் பிரதேசம்.

ஒத்துப்போகிறது என்றுதான் சொன்னேன், உறுதி என்று சொல்லவில்லை. கணையம் சிறுகுடலின் மேல் வளைவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடலில் மாங்கொட்டையோ பந்தோ துணியோ அடைத்து அந்த இடம் வீங்கினால் பக்கத்து வீட்டுக் கணையமும் எரிச்சலடைந்து லைபேஸைக் கசியவிடும். கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் செய்யும் கிட் சோதனையில் நெகட்டிவ் வந்தால் கணைய அழற்சியைப் பெரும்பாலும் ஒதுக்கிவைக்கலாம். பாசிட்டிவ் வந்தால் ஸ்கேனும் எக்ஸ்ரேயும் சேர்ந்துதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். அதுவரை அடைப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு மறுநாள் மட்டன் கொழுப்பைத் தின்றுவிட்டு, முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நாயைப் பார்த்தால் சந்தேகம் தானாக வரும். பூனை அப்படியெல்லாம் காட்டாது. வாந்திகூட இல்லாமல் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சாப்பிடாது, அவ்வளவுதான். பூனைக்கான பிஎல்ஐ தனிச் சோதனை, தனி வரம்பு.

பி12, ஃபோலேட்: குடலின் எந்த முனையில் கோளாறு

இரண்டு வைட்டமினும் ஒரே குடலில் உறிஞ்சப்பட்டாலும் இடம் வேறு. ஃபோலேட் சிறுகுடலின் மேற்பகுதியில், பி12 கடைசிப் பகுதியில். ஆகவே:

1. ஃபோலேட் மட்டும் குறைவு: மேற்பகுதியில் நாட்பட்ட பாதிப்பு இருக்கலாம்.
2. பி12 மட்டும் குறைவு: கடைசிப் பகுதியிலோ கணையத்திலோ பிரச்சினை.
3. இரண்டும் குறைவு: குடல் நெடுக நோய் பரவியிருக்கலாம்.
4. பி12 குறைந்து ஃபோலேட் கூடியிருந்தால்: குடல் பாக்டீரியாவின் சமநிலை குலைந்திருக்கலாம். அவற்றில் பல பி12ஐத் தின்றுவிட்டு ஃபோலேட்டை உண்டாக்கிவிட்டுப் போகின்றன. கணைய நொதிக் குறைபாட்டில் இந்தக் கூட்டு அடிக்கடி தென்படும்.

நாலாவதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கக் கூடாது. ஃபோலேட் உணவைப் பொறுத்தும் கூடும், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலும் கூடும், சிவப்பணுக்குள் ஃபோலேட் நிறைய இருப்பதால்.

பி12 கதையில் கணையம் எங்கே வந்தது? பி12ஐக் குடல் தனியாக உறிஞ்சாது, அதைப் பிடித்துக்கொண்டு போகத் துணைப் புரதம் ஒன்று வேண்டும். மனிதர்களுக்கு அது இரைப்பையில் உற்பத்தியாகிறது. நாய்க்குப் பெரும்பங்கு கணையத்தில், கொஞ்சம் இரைப்பையில். பூனைக்குக் கணையத்தில் மட்டும். அதனால் கணையம் கெட்ட பூனைக்கு பி12 கிட்டத்தட்ட நிச்சயமாகக் குறையும். அதோடு பூனையின் கையிருப்பும் வேகமாகக் கரையும்: ஆரோக்கியமான பூனையில் பி12இன் அரை ஆயுள் சுமார் 13 நாள், குடல் நோய் வந்த பூனையில் சுமார் 5 நாள்.

இந்த எண் முக்கியமானதற்குக் காரணம், பி12 தீர்ந்துபோன உடம்பில் சரியான மருந்துகூடச் சரியாக வேலை செய்யாது. குடல் சுவரின் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை, அதற்கு பி12 வேண்டும், பி12 வர வேண்டுமென்றால் குடல் சரியாக இருக்க வேண்டும். இந்தச் சுழலை வெளியிலிருந்துதான் உடைக்க வேண்டியிருக்கிறது. பழகிவந்த முறை, வாரம் ஒரு ஊசியாக ஆறு வாரம், பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று, அதற்கும் ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம். வாய்வழி மாத்திரையும் பலன் தருகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது, ஊசிக்கு மல்லுக்கட்டும் பூனைகளுக்கு நிம்மதி. ஜயண்ட் ஷ்னாசர், பார்டர் கோலி, பீகிள் போன்ற இனங்களில் குடல் நன்றாக இருந்தும் பி12ஐ மட்டும் உறிஞ்ச முடியாத பரம்பரைக் குறைபாடும் உண்டு. அவற்றுக்கு வாழ்நாள் முழுக்க பி12 வேண்டும்.

நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல். பிராணிகளுக்கான லேப் பக்கத்தில் இல்லாததால் மாதிரி மனித லேபுக்குப் போகிறது. டிஎல்ஐ போல இல்லாமல் பி12 எல்லா உயிரிலும் ஒரே மூலக்கூறு, ஆக அளப்பது சாத்தியம். ஆனால் ரிப்போர்ட்டில் அச்சாகும் வரம்பு மனிதர்களுடையது, கீழ் எல்லை பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராம் அருகில். பூனைக்கு டெக்சாஸ் ஆய்வகம் வைத்திருந்த கீழ் எல்லை 290, நாய்க்கு 251 (அவர்கள் அலகை லிட்டருக்கு நானோகிராம் என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே). ஆகவே 220 வந்த பூனையின் ரிப்போர்ட் நார்மல் என்று அச்சாகி வரும், பூனையோ பற்றாக்குறையில் இருக்கும். நாய்களுக்கும் பல மருத்துவர்கள் 400க்குக் கீழ் போனாலே பி12 கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள், கீழ் எல்லையைத் தொடும்வரை காத்திருப்பதில்லை.

ஆல்புமின் எங்கே போனது

வயிறு மெல்ல உப்புகிறது, கால் வீங்குகிறது, ரிப்போர்ட்டில் ஆல்புமின் 1.6 என்று இறங்கிக் கிடக்கிறது. இங்கே சந்தேகப்பட வேண்டியவர்கள் மூவர்:

1. கல்லீரல். அதுதான் ஆல்புமினைச் செய்கிறது, அது சோர்ந்தால் உற்பத்தி குறையும். வெறும் வயிற்றிலும், சாப்பிட்ட 2 மணி நேரம் கழித்தும் பித்த அமிலம் பார்த்தால் தெரியும்.
2. சிறுநீரகம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தால் போதும், ரத்தத்தைவிட இது எளிது.
3. குடல். மேலே உள்ள இரண்டும் இல்லையென்றால் மிஞ்சுவது இதுதான்.

சிறுநீரகம் ஒழுகும்போது ஆல்புமின் போகும், குளோபுலின் பெரிய மூலக்கூறு என்பதால் பெரும்பாலும் தங்கிவிடும், கொலஸ்ட்ரால் ஏறும். குடல் ஒழுகும்போது ஆல்புமின், குளோபுலின் இரண்டும் குறையும், கொழுப்பையும் உறிஞ்ச முடியாததால் கொலஸ்ட்ராலும் குறையும். யார்க்ஷயர் டெரியர்களில் குடல் நிணநீர்க் குழாய்கள் விரிந்து புரதம் ஒழுகும் நோய் பெயர்பெற்றது.

பாடப்புத்தகத்தில் இந்தக் கணக்கு அழகாக இருக்கும். சென்னை மாதிரி உண்ணிக் காய்ச்சல் மலிந்த ஊரில் அப்படி இருக்காது. உண்ணி வழியாக வரும் எர்லிச்சியா கிருமி நாட்பட்டுத் தங்கிய நாய்க்குக் குளோபுலின் ஏறியிருக்கும். அந்த நாய்க்குக் குடலும் ஒழுகினால், ஏறியதும் ஒழுகியதும் ஒன்றையொன்று ஈடுகட்டி ரிப்போர்ட்டில் குளோபுலின் சரியாகவே தெரியும். குளோபுலின் நார்மல், ஆகவே குடல் இல்லை என்று அங்கே எழுதிவிட முடியாது. தட்டணுக்கள் குறைந்திருந்தால் எர்லிச்சியாவையும் சேர்த்துத் தேடவேண்டும்.

வயிற்று நோய் வேடம் போடுபவை

வாந்தி, பேதி, சோர்வு. டிரிப்ஸ் ஏற்றினால் இரண்டே நாளில் துள்ளும், மூன்று வாரம் கழித்து மறுபடி அதே. இப்படி வந்து வந்து போகும் நாய்க்கு அட்ரீனல் சுரப்பியைப் பார்க்கவேண்டும். ஆடிசன் நோய் என்பது அந்தச் சுரப்பி கார்ட்டிசோல் செய்யாமல் விடுவது. சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறும், இரண்டின் விகிதம் 27க்குக் கீழ் போனால் மணி அடிக்கும். ஆனால் சில நாய்களில் உப்புகள் சரியாகவே இருக்கும், வயிறு மட்டும் கெடும். அவற்றைப் பிடிக்க ஒரு நுட்பமான தடயம் சிபிசியில் இருக்கிறது. நோயில் கிடக்கும் நாயின் ரத்தத்தில், மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலின் வேலையால், லிம்போசைட், ஈசினோஃபில் என்ற வெள்ளையணு வகைகள் குறையவேண்டும். அவை குறையாமல், எல்லாம் நார்மல் என்று வந்தால் அந்த நார்மலே சந்தேகத்துக்குரியது. அடுத்து ஒரே ஒரு முறை கார்ட்டிசோல் அளந்தால் போதும்: டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஆடிசனை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம், கீழே இருந்தால் ஏசிடிஹெச் (அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன்) ஊசி போட்டுச் செய்யும் முழுச் சோதனை தேவை.

இதிலும் ஒரு வேடதாரிக்குள் இன்னொரு வேடதாரி உண்டு. பெருங்குடலில் சாட்டைப் புழு நிறைந்த நாய்க்குச் சோடியம், பொட்டாசியம் இரண்டும் ஆடிசன்போலவே மாறும். மலத்தைப் பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும் விஷயம்.

பூனைக்கு வயது பத்தைத் தாண்டி, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, அடிக்கடி வாந்தி எடுத்தால் குடலைத் தோண்டுவதற்கு முன் தைராய்டு ஹார்மோனான டி4 பார்க்கவேண்டும்.

ரத்தம் வாய் திறக்காத இடங்கள்

புழுக்களும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் மலத்தில்தான் தெரியும். அடைப்பும் கட்டியும் எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும். வயதான பூனையின் நாட்பட்ட பேதி குடல் அழற்சியா, மெல்ல வளரும் லிம்போமா என்ற புற்றுநோயா என்பதை எந்த ரத்த எண்ணும் பிரித்துச் சொல்லாது, இரண்டிலும் பி12 குறையும், இரண்டிலும் பூனை இளைக்கும். குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பயாப்சி பார்த்துத்தான் சொல்ல முடியும், அதிலும் சில சமயம் நோயியல் நிபுணர்கள் திணறுவார்கள்.

உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை என்று ஒன்று விற்கிறார்கள். கோழி ஆகாது, கோதுமை ஆகாது என்று நீளமான பட்டியல் வரும். அந்தக் காசுக்கு நல்ல உணவு வாங்கலாம் என்பதுதான் என் கருத்து, ஆரோக்கியமான நாய்களுக்கும் அந்தப் பட்டியலில் பாசிட்டிவ் வருகிறது. இதுவரை தின்றிராத ஒரே புரதத்தையோ, மூலக்கூறு உடைத்த சிறப்பு உணவையோ மட்டும் கொடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. வயிற்றுக் கோளாறு என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். தாத்தா யாருக்கும் தெரியாமல் மேஜைக்கடியில் நீட்டும் பிஸ்கட் ஒன்று போதும், அந்த இரண்டு வாரமும் வீண்.

ரத்தம் எடுப்பதற்கு முன்

1. சுமார் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். காலையில் பால் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போனால் குழாயில் பிரியும் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்காது, மோர் கலந்ததுபோல் கலங்கி நிற்கும், பல அளவுகள் தடுமாறும். குட்டிகளையும் சர்க்கரை நோய் உள்ளவற்றையும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி போடக்கூடாது.

2. சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. அந்த மாதிரியில் ஃபோலேட் பார்ப்பது வீண், மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

3. பி காம்ப்ளெக்ஸ் ஊசி. சோர்ந்து வரும் நாய்க்கு முதலில் இதைப் போட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம். அதற்குப் பிறகு பி12 பார்த்தால் தெரிவது ஊசியின் அளவு, நாயின் அளவு அல்ல.

4. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு தொடங்கிவிட்டால் கார்ட்டிசோல் சோதனை குழம்பும், பயாப்சியில் லிம்போமா மறைந்துகொள்ளும். அவசரம் இல்லையென்றால் சோதனை முதலில், ஸ்டீராய்டு பிறகு.

5. மலமும் கொண்டுபோங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும்.

திரும்பப் பார்க்க வேண்டியவை எவை என்பதிலும் காசு மிச்சமாகும். ஆல்புமின் ஒழுகும் நாய்க்கு அந்த எண்ணை விடாமல் தொடர வேண்டும், நாயின் ஆல்புமினுக்கு அரை ஆயுள் சுமார் 8 நாள் என்பதால் தினம் பார்ப்பதில் அர்த்தமில்லை. பி12ஐ ஊசிகள் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம். டிஎல்ஐ ஒருமுறை தரைமட்டமாக வந்துவிட்டால் அதை மறுபடி அனுப்பவே வேண்டாம், போன கணையம் வழக்கமாகத் திரும்பி வராது. நொதிப் பவுடர் வேலை செய்கிறதா என்பதை அறிய வாரம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, பிறகு நாயில்லாமல் ஏறிக் கழித்துக்கொண்டால் போதும்.